காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை என்ற ஒன்றைக் கொண்டே அப்பொருள் அங்கே இல்லை என்று துணிந்து சொல்ல மனிதனுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற வினா, பாரத நாட்டுத் தத்துவ சபைகளில் பல நூற்றாண்டுகள் நின்று நிலைத்து விவாதிக்கப்பட்ட ஒன்று. இன்மையை அறிவது தனியொரு பிரமாணமே என்று மீமாம்சகரான குமாரில பட்டர் ஸ்தாபித்தார்; அதே மரபிலே வந்த பிரபாகரர் அதை மறுத்தார்; அபாவமாகிய இன்மையும் பிரத்தியட்சமாகிய காட்சியினாலேயே அறியப்படும் என்று நையாயிகர் வாதித்தனர்; காணத் தக்க பொருள் காணப்படாதபோது மட்டுமே இல்லை என்று கூறலாமென்று பௌத்த தர்க்கத்தின் பேராசானாகிய தர்மகீர்த்தி வரம்பு கட்டினார்; சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியாரோ, அபாவம் முதலாகப் பிறர் கூறும் அளவைகளையெல்லாம் எண்ணிக் காட்டி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கிவிடும் என்று முடிவு கூறினார்.

இத்துணை நுட்பமான வாதத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் தரையிலே இல்லாத ஒரு குடந்தான். வெளிச்சம் இருக்கிறது, கண்ணிலே பழுதில்லை, இடையிலே மறைப்பில்லை, கருத்தும் வேறெங்கும் போகவில்லை, குடம் இருந்திருந்தால் கண்டிருப்போம், காணவில்லை, ஆகவே இல்லை. ஆனால் மரத்தடியிலே பிசாசைக் காணவில்லை என்று ஒருவன் சொன்னால், அவன் வாக்கினால் பிசாசின் இன்மை சித்திப்பதில்லை. ஏனெனில் இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லும்படியான யோக்கியதை அதற்கு இல்லை. காணாமை ஒரு பிரமாணமாவதற்கு, காணக்கூடிய நிபந்தனைகள் அனைத்தும் கைகூடியிருந்தன என்பது முதலில் நிலைநாட்டப்பட வேண்டும் என்பதே இவ்வாதத்தின் சாரம்.

இது ஏட்டோடு முடிந்துபோன பழைய சர்ச்சை என்று கருதுவோர், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் கிளான்ஸ்மன் என்னும் இயன்முறை வல்லுநரும் அவருடைய சகாக்களும் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சிறிது பொறுமையோடு பார்ப்பார்களானால், அதே வினா அங்கே ஒரு மெத்தையின்மேல் படுத்துக்கிடக்கும் சிசுவின் வடிவத்திலே எழுந்து நிற்பதைக் காண்பார்கள். தலை நிற்காத, உட்காராத, சொன்னதைக் கேட்டுச் செய்யும் வயது வராத ஒரு சிசுவிடம் எவ்வளவு இயக்கசக்தி இருக்கிறது என்பதை எப்படி அளப்பது என்பதும், அப்படி அளந்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுமே அந்தக் கட்டுரையின் விஷயம்.

அந்தச் சிசுக்களைப் பற்றிய நோயைக் குறித்துச் சில வார்த்தைகள். கிராட்ஸ், வியன்னா நகரங்களில் பணியாற்றிய கைடோ வெர்ட்னிக் 1891-லும், ஹைடல்பெர்க்கின் யோஹான் ஹோஃப்மன் 1893-லும் வருணித்த முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய், ஏறத்தாழப் பத்தாயிரம் பிறப்புகளில் ஒன்றைப் பற்றுகிறது. தண்டுவடத்தில் தசைகளை ஏவும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்துபோவதே அதன் காரியம். அதற்குக் காரணமான மரபணுவை 1995-இல் பாரிஸ் நகரில் ஜூடித் மெல்கியின் குழுவினர் கண்டறிந்தனர். ஆறு மாதத்துக்கு முன்பே தலைகாட்டும் முதல் வகை நோயுற்ற சிசு, மருந்தில்லாக் காலத்தில் தானாக உட்கார்ந்ததே கிடையாது. தாய் தந்தை இருவரிடமும் மறைவாகக் கிடக்கும் குறை ஒன்றுசேரும்போதுதான் நோய் வெளிப்படும் என்பதும், அத்தகைய தம்பதியருக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டென்பதும் இன்று தெளிவாகத் தெரிந்த செய்திகளாதலால், தொட்டிலருகே வந்து நின்றுகொண்டு பூர்வஜன்ம வினையென்று தீர்ப்புச் சொல்லும் உறவினர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது புண்ணியம். வினைக் கொள்கை ஆழமான கொள்கை. பிறர் வீட்டுப் பிள்ளையின் தசையை அளப்பதற்கு அது ஏற்பட்டதன்று.

இந்நோயின் தனித்த துயரம் ஒன்றுண்டு. கையும் காலும் துவண்டு கிடக்க, நெஞ்சுத் தசைகள் சோர்ந்து வயிற்றினால் மூச்சு நடக்க, முகமோ மலர்ந்திருக்கும்; கண்கள் தாயைத் தொடர்ந்து செல்லும்; அறிவுக்கு ஊனமில்லை. ஆன்மாவுக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சக்திகளைக் கூறும் சைவ சித்தாந்தி இச்சிசுவைக் கண்டால், முதலிரண்டும் கண்களிலே பிரகாசிக்க, மூன்றாவது மட்டும் கருவியின்றித் தடைப்பட்டு நிற்பதாகவே சொல்வான். ஆனால் அளக்க வந்தவனுக்கு அளக்கக் கிடைப்பதெல்லாம் அந்த மூன்றாவது ஒன்றே. இச்சை இருந்தும் சக்தி இல்லாமையால் நிகழாத அசைவும், சக்தி இருந்தும் இச்சை இல்லாமையால் நிகழாத அசைவும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுபோலவே தோன்றும். வளர்ந்த நோயாளியிடம் கையைத் தூக்கு என்று சொல்லலாம். தூக்க முயன்றேன், முடியவில்லை என்று அவன் சொல்வதைக் கேட்டு உரையளவையாகக் கொள்ளலாம். மூன்று மாதச் சிசுவிடம் அந்த அளவை நமக்கு அடைபட்டுவிட்டது.

பிலடெல்பியாக்காரர்கள் முதலில் இருபத்தாறு சிசுக்களை, சிகாகோவில் சூசன் கேம்பல் ஆக்கிய பழைய சிசு இயக்கப் பரீட்சையாலும் தாங்களே வகுத்த ஒரு பலப் பரீட்சையாலும் சோதித்து, அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த பதினாறு அம்சங்களைக் கொண்டு புதிய பரீட்சை ஒன்றைச் சமைத்தார்கள். மருத்துவமனையின் பெயரைச் சுருக்கி அதற்குச் ‘சாப் இன்டென்ட்’ என்று பெயரிட்டார்கள். ஒவ்வோர் அம்சத்துக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண், மொத்தம் அறுபத்துநான்கு. முதல் அம்சம், கைகளின் தன்னியல்பான அசைவு. முழங்கை தரையை விட்டு எழுமாறு தோள் அசைந்தால் நான்கு. முன்கையும் கரமும் மட்டும் எழுந்தால் மூன்று. மணிக்கட்டு அசைந்தால் இரண்டு. விரல் மாத்திரம் அசைந்தால் ஒன்று. புவியீர்ப்பை வெல்ல மாட்டாத ஒரு விரலின் துடிப்புக்கும் கணக்கிலே இடம் ஒதுக்கிய இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்; அதற்குமுன் இருந்த அளவுகோல்களில் பெரும்பாலானவை, நடக்கிறாயா, உட்காருகிறாயா என்று கேட்டு, இச்சிசுக்கள் அனைவரையும் ஒரே பூஜ்யத்தில் தள்ளிவிட்டிருக்கும்.

பரீட்சைக்கு விதித்த நிபந்தனைகள் பொருள் செறிந்தவை. சிசு அரைத்தூக்கத்தில் இருக்கலாகாது, வீரிட்டு அழவும் கூடாது. விழிப்பாகவும் செயலுக்கு இசைந்தும் இருக்கும் நிலையிலேயே சோதிக்க வேண்டும். உடைகள் குறைவாக, அறை வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும். இருபுறமும் பார்த்து, எப்பக்கம் நன்றாகச் செய்கிறதோ அப்பக்கத்தின் எண்ணையே கொள்ள வேண்டும். தானாக நிகழும் அசைவைச் சோதனை நேரம் முழுவதிலும் கவனித்துக்கொண்டே இருக்கலாம். இவையெல்லாம் வெறும் சம்பிரதாயங்கள் என்று நினைப்பது தவறு. குடத்தைத் தேடுகிறவனுக்கு வெளிச்சமும் பழுதற்ற கண்ணும் வேண்டுமென்று தர்க்க நூலார் கேட்டதற்கு இவை நேரானவை. சக்தி இருந்திருந்தால் இந்நிலையில் வெளிப்பட்டிருக்கும் என்று சொல்லத் தக்க யோக்கியதையைச் சிருஷ்டித்துக்கொண்ட பின்னரே பூஜ்யத்தை எழுத அனுமதி. பாலுக்கு ஏங்கி அழும் நேரத்திலோ, உறக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்திலோ இடப்பட்ட பூஜ்யம் மரத்தடிப் பிசாசைப் போன்றது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை.

இன்னும் நுட்பமான விதி ஒன்று தலை நிற்றலைச் சோதிக்கும் இடத்தில் வருகிறது. சிசுவை உட்காரவைத்துத் தாங்கிக்கொண்டு, தலையைத் தானே உயர்த்துகிறதா, திருப்புகிறதா என்று பார்க்கும்போது, மூச்சின் தாளத்தோடு இணைந்து வரும் தலையசைவுக்கு மதிப்பெண் கொடுக்கலாகாது என்கிறார்கள். மூச்சுக்காகப் போராடும் உடம்பிலே ஒவ்வொரு சுவாசத்துக்கும் தலை இலேசாக ஆடும். அது பிராணனுடைய செயல், சிசுவின் பிரயத்தனம் அன்று. இவ்வளவு கண்டிப்பாக இச்சையின் செயலைப் பிரித்தெடுத்த அதே பரீட்சை, முதுகின் ஓரத்தை வருடினால் இடுப்பு வளைகிறதா என்று பார்க்கும் இறுதி அம்சத்தில், இச்சைக்குச் சம்பந்தமே இல்லாத அனிச்சைச் செயலுக்கு மதிப்பெண் தருகிறது. முரண்பாடு என்று இதைப் பழிக்கலாம். நான் பழிக்கமாட்டேன். அறுபத்துநான்கு என்ற அந்தத் தொகைக்குள் இருப்பது ஆன்மாவின் முயற்சியன்று, நரம்பும் தசையும் இன்னும் எவ்வளவு உயிரோடிருக்கின்றன என்பதன் கணக்கே என்பதை ஆக்கியோரே இதனால் ஒப்புக்கொள்கிறார்கள். மூச்சசைவை விலக்கியதும் அனிச்சையைச் சேர்த்ததும் அந்த ஒரே நோக்கத்துக்காகத்தான்.

இனி நம்பகம் என்னும் விஷயத்துக்கு வருவோம். ஒன்பது சிசுக்களை இரண்டு மாத காலத்துக்குள் மறுபடியும் சோதித்ததில் இரு மதிப்பீடுகளின் ஒப்புமை 0.96 என்றும், பலவகை நரம்புத்தசை நோயுற்ற சிசுக்களின் ஒளிப்பதிவை நால்வர் பார்த்து மதிப்பிட்டதில் 0.98 என்றும், நோயற்ற எட்டுச் சிசுக்களை ஐவர் மதிப்பிட்டதில் 0.93 என்றும் அவர்கள் வெளியிட்டார்கள். ஒன்று என்பது பூரண ஒப்புமை. ஆகவே இவை கண்ணைப் பறிக்கும் எண்கள்தாம். ஆனால் ஓர் எண் எதைச் சொல்லுகிறது என்பதோடு எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்ப்பது தத்துவ விசாரத்தின் கடமை. 0.98 என்பது நால்வருடைய சராசரிக்கு உரிய நம்பகம். மருத்துவமனையிலோ சிசுவின் முன்னே உட்காருகிறவர் பெரும்பாலும் ஒருவரே. ஒருவருடைய நம்பகத்திலிருந்து பலருடைய சராசரியின் நம்பகத்தைக் கணிக்கும் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரத்தைப் பின்னோக்கிப் போட்டால் ஒருவருடைய மதிப்பீட்டுக்கு உரியது சுமார் 0.92; நோயற்ற சிசுக்களின் விஷயத்தில் சுமார் 0.73. மேலும், அவர்கள் கையாண்ட வகைக் கணக்கிலே, ஒருவர் எல்லாச் சிசுக்களுக்கும் இரண்டிரண்டு எண் கூட்டியே போட்டு வந்தாலும் அது குற்றமாகப் பதிவாவதில்லை. சிசுக்களுக்கிடையேயுள்ள எண் வித்தியாசங்கள் மாறாமல் இருந்தால் போதும். சோதிக்கப்படுவோரிடையே ஏற்றத்தாழ்வு மிகுந்திருந்தால் ஒப்புமை தானே உயர்ந்து தோன்றும் என்பதும் இக்கணக்கின் இயல்பு. இவற்றால் பரீட்சை பொய்யாகிவிடவில்லை. ஆக்கியோரே, மேலும் நிரூபணம் வேண்டும் என்று அடக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்குத்தான் அந்த அடக்கம் கண்ணில் படுவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சங்கதி ஒளிப்பதிவில் இருக்கிறது. நால்வர் ஒரே பதிவைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்றால், நால்வருடைய கண்களும் ஒத்துப்போகின்றன என்பது நிச்சயமாயிற்று. ஆனால் இந்தப் பரீட்சை கண்ணினால் மட்டும் நடப்பதன்று. சிசுவின் உள்ளங்கையில் விரலை வைத்துப் பற்றச்செய்து, மெல்ல மேலே தூக்கி, எவ்வளவு உயரம்வரை பிடி விடாதிருக்கிறது என்று பார்க்கிறார்கள். தோள் மெத்தையை விட்டு எழும்வரை பிடித்திருந்தால் நான்கு. தூக்குகிற கை அவசரப்பட்டால் பிடி நழுவும். பொறுமையாகத் தூக்கினால் நிற்கும். காலைப் பிடித்து உருட்டி, உடம்பு தானாகத் தொடர்ந்து புரள்கிறதா என்று பார்க்கும் இடத்திலும் அப்படியே. அளப்பவனுடைய கை அளக்கப்படும் நிகழ்ச்சியின் உள்ளேயே இருக்கிறது. பதிவிலே அந்தக் கை ஏற்கெனவே தன் காரியத்தை முடித்துவிட்டது. எஞ்சியிருப்பது அதைப் பார்த்து எண் இடும் வேலை மட்டுமே. பார்ப்பவன் தீபம்போல விலகி நின்று பொருளை விளக்குகிறான் என்ற எண்ணம் இங்கே செல்லாது. சாட்சிகளின் ஒற்றுமை வேறு, யதார்த்தம் வேறு என்ற பழைய உண்மைக்கு, பயிற்சி பெற்ற ஒரு கையும் பயிற்சி பெறாத ஒரு கையும் ஒரே சிசுவிடமிருந்து வெவ்வேறு எண்களைப் பெறக்கூடும் என்பதே கண்கூடான சான்று. ஆகவேதான் பின்னால் வந்த மருந்து ஆராய்ச்சிகளில் மதிப்பிடுவோருக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்குள் ஒப்புமையைச் சோதிப்பது வழக்கமாயிற்று.

மருந்துகளின் வருகை இந்த மதிப்பெண்ணுக்கு முன்னில்லாத கனத்தைத் தந்துவிட்டது. 2016 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்த நுசினர்சென் என்னும் மருந்தைச் சோதித்தவர்கள், சிசுக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதுகுத்தண்டில் மருந்தைச் செலுத்தி, எஞ்சிய ஒரு பங்கினருக்கு இடுப்பருகே ஊசியால் ஒரு சிறு குத்து மட்டும் குத்தி, இரு சாராருக்கும் ஒரேமாதிரி கட்டொட்டி அனுப்பினார்கள். பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பெண் இடுவோருக்கும் தெரியாது. மருந்து பெறாத சிசுவைக் குத்துவது கொடுமையல்லவா என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஆசை என்பது காண்டலைத் திரிக்கும் தோஷங்களுள் முதன்மையானது. தன் பிள்ளை தேறவேண்டுமென்று ஏங்கும் தாயின் கண்ணும், தன் மருந்து வெல்லவேண்டுமென்று விரும்பும் ஆராய்ச்சியாளன் கண்ணும், அரைகுறை அசைவை முழு அசைவாகக் காண்பதற்குப் பொய்யுள்ளம் தேவையில்லை, நல்லுள்ளமே போதும். அந்தச் சோதனையில் நான்கு எண்ணாவது உயர்ந்தவர்கள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 71 பேர். பெறாதோரில் நூற்றுக்கு 3 பேர்.

இதற்கு மாறாக, 2017-இல் வெளிவந்த மரபணுச் சிகிச்சையின் முதற் சோதனையில் மறைப்பு எதுவும் இல்லை; சிகிச்சை நடந்தது எல்லோருக்கும் தெரியும்; ஒப்பிடுவதற்கு இருந்தது முந்தைய நோயாளிகளின் வரலாறு மட்டுமே. உயர்ந்த அளவு பெற்ற பன்னிருவரின் மதிப்பெண் சராசரியாக ஒரு மாதத்தில் 9.8-உம், மூன்று மாதத்தில் 15.4-உம் ஏறியது, சிகிச்சையில்லாத சிசுக்களோ பிறந்த முதலாண்டின் பிற்பாதியில் கிட்டத்தட்டப் பத்து எண்ணை இழந்துவந்தவர்கள். இங்கே ஆசையின் தோஷம் புகுந்திருக்காதா என்றால், புகுந்தும் இருக்கலாம். ஆனால் பன்னிருவரில் பதினொருவர் தாங்களாக உட்கார்ந்தார்கள், இருவர் நடந்தார்கள். ஆசை மதிப்பெண்ணில் இரண்டு மூன்றைக் கூட்டும். பிள்ளையை உட்கார வைக்காது. எனவே ஐயப்படுவதற்கும் ஓர் அளவு உண்டு. பெரிய மாற்றத்தின் முன் கருவியின் சிறு பிழை பொருட்டன்று. சிறிய மாற்றத்தின் முன்னரோ அதுவே சர்வமும் ஆகிவிடும். அம்மரபணு மருந்து 2019-இல் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை இருபத்தொரு இலட்சத்து இருபத்தையாயிரம் டாலர். இத்தகைய விலையுள்ள மருந்தைத் தொடங்கலாமா, தொடரலாமா, நிறுத்தலாமா என்ற ஆலோசனையிலே இரண்டு மூன்று எண்களின் ஏற்றத்தாழ்வு மேசைமேல் வைக்கப்படுமானால், அந்த எண்ணை இட்ட நாளில் சிசு தூங்கி எழுந்திருந்ததா, சளி பிடித்திருந்ததா என்று கேட்க யாருக்கும் கூச்சம் இருக்கலாகாது.

மதிப்பெண் தாழ்ந்த சிசுவைத் தாழ்ந்த ஜீவன் என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் கருவியின் கணக்கைக் கருத்தாவின் கணக்காக வாசித்துவிடும் பழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. தனுவாகிய உடம்பும் கரணங்களாகிய கருவிகளும் ஆன்மா அறிவதற்கும் செயல்படுவதற்கும் துணையாக வந்தவை என்று சித்தாந்தம் கூறுவதை ஏற்பவர்கள், துணை குறைந்ததனால் துணையைப் பெற்றவன் குறைந்தான் என்று கொள்ள வழியில்லை. இதை ஏற்காத லௌகிகர்களுக்கும் வேறு வழியில் அதே இடத்துக்குத்தான் வந்துசேர வேண்டியிருக்கிறது. ஏனெனில் அச்சிசுவின் அறிவைப் பற்றி அப்பரீட்சை ஒரு வினாகூடக் கேட்பதில்லை, கேட்காத வினாவுக்கு விடையை அதிலிருந்து எடுப்பது எந்தத் தர்க்கத்துக்கும் ஒவ்வாது.

இப்படிப்பட்ட குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லும் தாய் தந்தையர் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் குடித்த நேரம், உறங்கி எழுந்த நேரம், காய்ச்சல், சளி, நெடும் பயணம் ஆகியவற்றைப் பரிசோதகரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். குழந்தை அழுது சோர்ந்திருந்தால் இன்னொரு நாள் பார்க்கலாமா என்று கேளுங்கள். அது சலுகை கேட்பதன்று, பரீட்சையின் விதியே அதுதான். வீட்டிலே செய்கிற அசைவு அங்கே செய்யவில்லையென்றால், அதைக் கைப்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மதிப்பெண்ணில் அது சேராவிட்டாலும், மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்க்க அது தக்க காரணமாகும்.